எக்ஸ்பார்ட்டி என்றால் முன்னாள் பார்ட்டியா? நீதிமன்ற லத்தீன் பற்றி ஓர் இழை

குடியாத்தம் தறி
ஞாயிறு, இரவு 9.12

சட்டம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் உதவுங்கள். சிரிப்பு வந்தால் சிரித்துவிட்டு உதவுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அப்பாவுக்கு 71 வயது. பங்காளிகள் போட்ட பாகப்பிரிவினை வழக்கில் அவர் மூன்றாம் பிரதிவாதி. 2016இலிருந்து நடக்கிறது. ஒவ்வொரு வாய்தாவையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைப்பார். தேதி, பஸ் டிக்கெட் எவ்வளவு, டீ எவ்வளவு, அன்று நீதிபதி விடுப்பா இல்லையா எல்லாம் அதில் இருக்கும். இரண்டு மாதம் முன்பு வழக்கு சாட்சி விசாரணைக்கு வந்த நாளில் காய்ச்சலாகப் படுத்துவிட்டார். வக்கீலுக்குத் தொலைபேசியில் சொன்னாராம், அவரும் பார்த்துக்கொள்கிறேன் என்றாராம். பிறகு அக்கா மகன் கைப்பேசியில் வழக்கின் நிலவரத்தைத் தேடி, "தாத்தா, உங்கள் பெயருக்கு நேரே எக்ஸ்பார்ட்டி என்று போட்டிருக்கிறது" என்று படித்துக் காட்டியிருக்கிறான்.

எங்கள் பக்கத்தில் எக்ஸ் என்றால் அர்த்தம் ஒன்றுதான். தெருவுக்கு நாலு பேர் எக்ஸ்-மிலிட்டரி. எதிர்வீட்டுக்காரர் எக்ஸ்-கவுன்சிலர். கோர்ட்டுக்கு வருகிறவர்களைப் பார்ட்டி என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆகவே எக்ஸ்பார்ட்டி என்றால் முன்னாள் பார்ட்டி, தன்னை வழக்கிலிருந்து விடுவித்துவிட்டார்கள் என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். நோட்டில் 'முடிந்தது' என்று எழுதி இரண்டு கோடு போட்டு, அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கி வந்து அக்கம்பக்கத்துக்கும் கொடுத்துவிட்டார்.

23 நாள் கழித்து நான் ஊருக்கு வந்தபோது மிச்சமிருந்த மைசூர்பாகை எடுத்துக்கொடுத்துக்கொண்டே இந்தக் கதையைச் சொன்னார். எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. இனி என்ன செய்வது? அதோடு இன்னொரு கேள்வி: குடியாத்தத்தில் நிலம், தமிழ் பேசுகிற பங்காளிகள், தமிழ் பேசுகிற நீதிபதி. நடுவில் இந்த லத்தீன் எதற்கு?

---

சத்துவாச்சாரி குமாஸ்தா
ஞாயிறு, இரவு 10.05

தம்பி, நான் சிரிக்கவில்லை. 26 ஆண்டுகளாக வக்கீல் குமாஸ்தா. மைசூர்பாகு வாங்கியவரை இப்போதுதான் கேள்விப்படுகிறேன், ஆனால் இந்தச் சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நடந்தது இதுதான். வழக்கைக் கூப்பிடும்போது டவாலி வாசலில் நின்று பெயரை மூன்று முறை சொல்வார். உங்கள் அப்பாவும் இல்லை, அவர் சார்பில் யாரும் எழுந்து நிற்கவும் இல்லை. நீதிபதி வழக்குக் கட்டின்மேல் ஒரு வரி எழுதுவார்: 'மூன்றாம் பிரதிவாதி அழைக்கப்பட்டார், ஆஜராகவில்லை, எக்ஸ்பார்ட்டி'. அவ்வளவுதான். விடுவித்ததாக அர்த்தமே இல்லை. அவரை விட்டுவிட்டு, எதிர்த்தரப்பை மட்டும் கேட்டு வழக்கை நடத்தப்போகிறார்கள் என்று அர்த்தம்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். எக்ஸ்பார்ட்டி ஆக்கியதோடு நிற்கிறதா, அல்லது அதன்மேல் தீர்ப்பாணையும் ஆகிவிட்டதா? இரண்டுக்கும் வழி வேறு. தீர்ப்பாணை ஆகவில்லை என்றால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் கட்டளை 9, விதி 7. அடுத்த வாய்தாவிலேயே போய், வராததற்குக் காரணம் சொல்லி மனுப் போடலாம். நீதிமன்றம் செலவுத் தொகை கட்டச் சொல்லி அனுமதிக்கலாம். தீர்ப்பாணை ஆகிவிட்டது என்றால் விதி 13. அதை ரத்து செய்யக் கேட்க 30 நாள்தான். சம்மன் முறையாகக் கிடைக்காதவருக்கு மட்டும் அந்த 30 நாள் விவரம் தெரிந்த நாளிலிருந்து ஓடும். உங்கள் அப்பா 2016இலிருந்து நடையாய் நடந்தவர், அந்தச் சலுகை அவருக்கு இல்லை. நாள் தாண்டினால் காலதாமத மன்னிப்பு மனு தனியாக வேண்டும், ஒவ்வொரு நாளுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

நாளைக் காலையே நகல் மனுப் போடுங்கள். கைப்பேசியில் காட்டுவதை நம்பிக்கொண்டு இருக்காதீர்கள். காய்ச்சலுக்கு மருத்துவரைப் பார்த்த சீட்டு இருந்தால் பத்திரப்படுத்துங்கள். அந்த நோட்டையும்தான்.

---

நெறியாளர்
ஞாயிறு, இரவு 10.20

வழக்கு எண், வக்கீல் பெயர், எந்த நீதிமன்றம் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். குமாஸ்தா ஐயா சொன்னதை வைத்துக்கொண்டு நேரில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

---

பாதியில் வந்த பாதிரி
ஞாயிறு, இரவு 11.48

இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன். இளவயதில் குருமடத்தில் மூன்று ஆண்டு லத்தீன் படித்துவிட்டு, குருவாகாமல் வீட்டுக்குத் திரும்பியவன். படித்த லத்தீன் வேறெங்கும் பயன்படவில்லை, இங்கேயாவது பயன்படட்டும்.

அப்பா செய்த தப்பு மிக நியாயமான தப்பு. அந்த எக்ஸும் இந்த எக்ஸும் ஒரே லத்தீன் சொல்தான். 'இருந்து' என்று பொருள். 'பார்ட்டே' என்பது பக்கம், பகுதி என்ற சொல்லின் உருபேற்ற வடிவம். ஆக எக்ஸ் பார்ட்டே என்றால் 'ஒரு பக்கத்திலிருந்து'. நம் இலக்கணத்தில் சொன்னால் ஐந்தாம் வேற்றுமை. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் கேட்டது.

ஆங்கிலம் வழியாக இந்தச் சொற்களுக்குப் போனால் மந்திரம்போல் இருக்கும். தமிழிலிருந்து நேரே போனால் அவ்வளவு தூரமில்லை. லத்தீனிலும் வினையின் கடைசியிலேயே யார் என்பது ஒட்டிக்கொண்டிருக்கும், நம்மைப் போலவே. அதிகாரியை அவர் கடமையைச் செய்யச் சொல்லி நீதிமன்றம் போடும் மாண்டமஸ் ஒரே சொல்: 'ஆணையிடுகிறோம்'. தன்மைப் பன்மை வினைமுற்று, முடிந்தது வேலை. ஆங்கிலத்தில் அதைச் சொல்ல இரண்டு சொல் வேண்டும். அஃபிடவிட் என்பது 'சத்தியம் செய்திருக்கிறான்'. கேவியட் என்பது 'எச்சரிக்கையாக இருப்பானாக', நம் வியங்கோள். கோ வாரண்டோ 'எந்த அதிகாரத்தால்', மூன்றாம் வேற்றுமை. சூவோ மோட்டோவும் அப்படியே, 'தன் முனைப்பால்'. லோகஸ் ஸ்டாண்டை என்றால் 'நிற்க இடம்'. வழக்குப் போட உனக்கு நிற்க இடம் இருக்கிறதா என்று கேட்கிறார்கள்.

இவற்றில் பல கலைச்சொல்லாகப் பிறந்தவையே இல்லை. பழைய இங்கிலாந்தில் அரசர் பெயரால் அதிகாரிகளுக்குப் போன கடிதங்கள் லத்தீனில் இருக்கும். கடிதத்தில் இருக்கும் முக்கியமான சொல்லே அந்தக் கடிதத்துக்குப் பெயராகிவிட்டது. நாம் பாசுரங்களை முதலடியைச் சொல்லிக் குறிப்பிடுகிறோம் அல்லவா, அதுபோல. செர்ஷியோரரி என்பது 'எமக்குத் தெரிவிக்கப்பட வேண்டும்' என்ற வாக்கியத்தின் ஒரு துண்டு. கீழ்நீதிமன்றத்தின் கட்டு மேலே வர வேண்டும் என்று கேட்பது.

தூக்கம் வருகிறது. ஒன்றே ஒன்று: அலியாஸ் என்பதும் லத்தீன். 'வேறொரு சமயத்தில்' என்பது அதன் பழைய பொருள். நம் முதல் தகவல் அறிக்கைகளில் பெயருக்கு நடுவே வரும் 'எ' இருக்கிறதே, அதன் அண்ணன். அலிபி என்றால் 'வேறிடத்தில்'. இருவரும் ஒரே குடும்பம்.

---

தொண்டை நாட்டான்
திங்கள், காலை 6.30

பாதிரியாரின் இலக்கணம் இனிக்கிறது. ஆனால் கேட்ட கேள்வி 'எதற்கு' என்பது. அதற்கு அவர் பதில் சொல்லவில்லை.

யாரிடமிருந்து இதைப் பெற்றோமோ அவர்களே கழற்றிப் போட்டுவிட்டார்கள். 1362இல் நீதிமன்றத்தில் ஆங்கிலத்தில் வாதாட வேண்டும் என்று இங்கிலாந்தில் சட்டம் வந்தது, அதுவரை அங்கே பிரெஞ்சு ஓடிக்கொண்டிருந்தது. ஆவணங்கள் மட்டும் லத்தீனில் தொடர்ந்தன. 1730இல் போட்ட சட்டத்தால் 1733இலிருந்து அதுவும் போயிற்று. மிச்சமிருந்த சொற்களில் பலவற்றை 1999இல் உரிமையியல் விதிகளைத் திருத்தியபோது துடைத்தார்கள். எக்ஸ்பார்ட்டி என்று இப்போது லண்டனில் எழுதுவதில்லை, 'அறிவிப்பு இல்லாமல்' என்று பொருள்படும் எளிய ஆங்கிலச் சொற்கள்தான். மாண்டமஸுக்கும் செர்ஷியோரரிக்கும் 2004இல் ஆங்கிலப் பெயர் வந்துவிட்டது. வீட்டுக்காரன் வீசிய பழைய கோட்டைக் குடியாத்தத்து வெயிலில் நாம் போட்டுக்கொண்டு திரிகிறோம்.

தமிழ்நாட்டுக் கீழமை நீதிமன்றங்களில் தமிழில் தீர்ப்பு எழுத 1976இல் ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்தி வழி செய்தார்கள். ஏறக்குறைய ஐம்பது ஆண்டு. ஒருதலைப்பட்சம் என்று எழுதியிருந்தால் அந்தப் பெரியவர் மைசூர்பாகு வாங்கியிருப்பாரா?

---

கறுப்பு அங்கி
திங்கள், மதியம் 1.40

சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன். ராணிப்பேட்டைப் பக்கம் வழக்கறிஞராக இருக்கிறேன், ஆறாவது ஆண்டு.

தொண்டை நாட்டான் ஐயா, ஒருதலைப்பட்சம் என்று எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் தெரியுமா? நீதிபதி ஓரவஞ்சனை செய்துவிட்டார் என்று பெரியவர் கொதித்திருப்பார். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் அந்தச் சொல்லை அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள். தமிழில் இருப்பதாலேயே ஒரு சொல் புரிந்துவிடாது.

இன்னொன்றையும் பாருங்கள். நீங்கள் வக்காலத்து கொடுக்கிறீர்கள், வாய்தா வாங்குகிறீர்கள், ஜாமீன் கேட்கிறீர்கள், அமீனா ஜப்திக்கு வருகிறார், தாவா ராஜியாகிறது, நகலும் அசலும் தாக்கலாகின்றன. இதில் தமிழ் எங்கே? எல்லாம் அரபியும் பாரசீகமும். நாம் ஆற்காட்டு நவாபின் சீமையில் உட்கார்ந்திருக்கிறோம். நவாப் போய்விட்டார், அவருடைய கச்சேரியின், அதாவது அலுவலகத்தின், சொற்கள் போகவில்லை. ஆனால் எந்தக் கிழவியும் ஜாமீன் என்றால் என்ன என்று என்னிடம் கேட்டதில்லை. ஏனென்றால் அந்தச் சொற்கள் சந்தைக்கும் வீட்டுக்கும் வந்து புழங்கின. லத்தீன் அந்தக் கறுப்பு அங்கிக்குள்ளேயே நின்றுவிட்டது.

புழங்கவிட்டால் தமிழும் நிற்கிறது. ப்ரைமா ஃபேசிக்கு 'முகாந்திரம்' என்று பத்திரிகைக்காரர்கள் எழுதி எழுதிப் பழக்கிவிட்டார்கள், அது வடசொல் என்றாலும் எல்லோருக்கும் தெரியும். சூவோ மோட்டோவுக்குத் 'தாமாக முன்வந்து', சைனி டைக்குத் 'தேதி குறிப்பிடாமல்'. இவற்றைவிட நல்ல மொழிபெயர்ப்பை யாரும் உட்கார்ந்து யோசித்துச் செய்ய முடியாது. ஆனால் கோ வாரண்டோவுக்குத் 'தகுதிமுறை வினவும் நீதிப்பேராணை' என்று பாடநூலில் போட்டிருக்கிறார்களே, அதை ஒரு கட்சிக்காரரிடம் சொல்லிப் பாருங்கள். 'எந்த அதிகாரத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாய்?' என்று கேட்பதுதான் அது என்று நான் சொன்னால் உடனே புரிகிறது.

காலனியச் சட்டங்களைக் கழிப்பதாகச் சொல்லி 2024 ஜூலை 1 முதல் புதுப் பெயர்களில் குற்றவியல் சட்டங்கள் கொண்டுவந்தார்களே, அதில் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்துக்கு வந்தது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. அதைச் சத்துவாச்சாரி நீதிமன்ற வாசலில் பத்துப் பேரிடம் ஒரு தடவை தப்பில்லாமல் சொல்லச் சொல்லுங்கள். ஹேபியஸ் கார்ப்பஸ் தேவலை என்பார்கள்.

---

தொண்டை நாட்டான்
திங்கள், மதியம் 2.05

அந்தக் கடைசிப் பத்திக்கு மட்டும் என் கையையும் சேர்த்துத் தூக்குகிறேன்.

---

தொரப்பாடி வாசி
திங்கள், இரவு 8.50

ஹேபியஸ் கார்ப்பஸ் என்ற பேச்சு வந்ததால் எழுதுகிறேன். சிரிக்கும் கதை அல்ல.

நான் வேலூர் மத்திய சிறைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு என் அத்தை மகனைக் குண்டர் சட்டத்தில் உள்ளே வைத்தார்கள். சென்னையில் உயர்நீதிமன்றத்தில் ஹேபியஸ் கார்ப்பஸ் போடவேண்டும், தாய்தான் மனுதாரராகக் கையெழுத்துப் போடவேண்டும் என்றார்கள். கையெழுத்துப் போட வந்த அத்தை, அது என்ன என்று கேட்டார். கூட இருந்த ஒருவர், நல்லெண்ணத்தில்தான், சொல்லுக்குச் சொல் விளக்கினார்: "கார்ப்பஸ் என்றால் உடல் அம்மா. உடலைக் கொண்டுவா என்று கோர்ட் உத்தரவு போடும்."

அத்தை அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்துவிட்டார். எங்கள் பேச்சில் 'உடல்' எப்போது வரும்? பிரேதப் பரிசோதனை முடிந்து ஒப்படைக்கும்போது வரும். பையன் போய்விட்டான், நம்மிடம் மறைக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். மறுநாள் நேர்காணலில் கம்பிக்கு அந்தப் பக்கம் அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் சோறு இறங்கியது.

---

பாதியில் வந்த பாதிரி
திங்கள், இரவு 9.30

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

லத்தீனில் கார்ப்பஸ் உயிருள்ள உடலுக்கும் வரும், உயிரற்றதற்கும் வரும். 'ஆளை உன் வசம் வைத்துக்கொண்டு எம் முன் வா' என்பதுதான் அந்தக் கடிதத்தின் சாரம். யார் சிறை வைத்திருக்கிறாரோ அவருக்குப் போவது. இங்கேதான் தொண்டை நாட்டானுக்கு நான் தலைவணங்க வேண்டியிருக்கிறது. 'ஆட்கொணர்வு' என்று தமிழாக்கியவர் யாரோ, அவர் உடல் என்று எழுதவில்லை, ஆள் என்று எழுதினார். ஆள் என்றால் உயிரோடு இருப்பவன். லத்தீனில் இல்லாத தெளிவு அது. அத்தையிடம் அன்றைக்கு அந்தத் தமிழ்ச் சொல்லை மட்டும் சொல்லியிருந்தால் போதும்.

---

சத்துவாச்சாரி குமாஸ்தா
திங்கள், இரவு 10.15

குண்டர் சட்டம் என்று நாம் சொல்வது 1982ஆம் ஆண்டின் 14ஆம் தமிழ்நாட்டுச் சட்டம். ஆட்சியரோ, மாநகரக் காவல் ஆணையரோ உத்தரவு போடுவார். அதிகபட்சம் 12 மாதம். மூன்று வாரத்துக்குள், காவலில் வைத்தது சரிதானா என்று பார்க்கும் அறிவுரைக் கழகத்துக்கு அனுப்ப வேண்டும், காவலில் வைத்த நாளிலிருந்து ஏழு வாரத்துக்குள் கழகம் அறிக்கை தர வேண்டும். ஆட்கொணர்வு மனுவில் பெரும்பாலும் பையன் குற்றம் செய்தானா இல்லையா என்று பேசமாட்டார்கள். தாள் எல்லாம் ஒழுங்காகக் கொடுத்தார்களா, அவனுக்குப் புரிகிற மொழியில் கொடுத்தார்களா, மனுவைப் பரிசீலிக்கத் தாமதம் ஆனதா, இதைத்தான் பார்ப்பார்கள். ஒரு பக்கத்துக்குத் தமிழாக்கம் தராததால் ஆள் வெளியே வந்ததெல்லாம் உண்டு. மொழி முக்கியமா என்று கேட்கிறவர்களுக்காகச் சொன்னேன்.

---

கறுப்பு அங்கி
திங்கள், இரவு 10.40

தொரப்பாடி என்றதும் நினைவு வந்தது. கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் 1941இல் வேலூர்ச் சிறையிலிருந்து தப்பிப் போனவர். அதே கோபாலன் 1950இல், அரசமைப்புச் சட்டம் வந்த கையோடு, தடுப்புக் காவலை எதிர்த்து உச்சநீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போட்டுத் தோற்றார். சட்டக் கல்லூரியில் அந்தத் தீர்ப்பைப் படிக்காமல் யாரும் தேர்வெழுத முடியாது. சுவரைத் தாண்ட முடிந்தவரால் சட்டத்தைத் தாண்ட முடியவில்லை.

---

காட்பாடி மனை
செவ்வாய், காலை 10.10

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். காட்பாடிக்கு அப்பால் ஒரு மனை பார்த்திருக்கிறேன். வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது. ஆனால் அண்ணன் தம்பி வழக்கு ஏதோ நடக்கிறது என்று டீக்கடையில் சொன்னார்கள். தரகர், "நீங்கள் போனஃபைடு வாங்குபவர், உங்களை ஒன்றும் செய்ய முடியாது" என்கிறார். போனஃபைடு சான்றிதழ் பள்ளியில் வாங்கியிருக்கிறேன், மனை வாங்கவும் அது வேண்டுமா?

---

சத்துவாச்சாரி குமாஸ்தா
செவ்வாய், காலை 11.00

முன்பணம் கொடுக்காதீர்கள். மீதியை வக்கீலம்மா சொல்வார்.

---

கறுப்பு அங்கி
செவ்வாய், மதியம் 1.50

போனா ஃபைடி என்றால் 'நல்ல நம்பிக்கையோடு'. பள்ளிச் சான்றிதழில் 'இவன் உண்மையாகவே எங்கள் மாணவன்' என்கிறது. சொத்தில், விவரம் தெரியாமல், விலை கொடுத்து, கள்ளமில்லாமல் வாங்கியவரைக் குறிக்கும். தரகர் விட்டுவிட்ட லத்தீன் ஒன்று இருக்கிறது: லிஸ் பெண்டென்ஸ். வழக்கு தொங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 52. சொத்தின்மேல் வழக்கு நடக்கும்போது கட்சிக்காரர் ஒருவரிடமிருந்து வாங்கினால், தீர்ப்பு எப்படி வருகிறதோ அது உங்களையும் கட்டும். தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது. நீங்கள் டீக்கடையில் கேட்டும்விட்டீர்கள்.

வில்லங்கச் சான்று பதிவானதை மட்டும்தான் காட்டும். வழக்கு இருக்கிறதா என்பதை நீதிமன்றத்தில்தான் தேட வேண்டும்.

---

வற்றிய பாலாறு
செவ்வாய், இரவு 9.25

ஆம்பூரிலிருந்து எழுதுகிறேன். இந்த இழையில் மாண்டமஸை இலக்கணமாகப் பேசினீர்கள். எங்களுக்கு அது இலக்கணம் அல்ல.

சின்ன வயதில் எங்கள் கிணற்றுத் தண்ணீரில் ஒரு நிறம் இருக்கும். குடத்தை ஒரு மணி நேரம் வைத்தால் அடியில் படியும், வாசனையும் வரும். பாட்டி அதில் துணிகூடத் துவைக்க மாட்டார். தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், வேலை பார்த்த அப்பாவுக்கு அந்த வாசனை சம்பளத்தின் வாசனை, ஆகவே வீட்டில் யாரும் அதைப்பற்றிப் பேசுவதில்லை. கழிவு பாலாற்றில் போய்ச் சேர்வது எல்லோருக்கும் தெரியும்.

1991இல் வேலூர்க் குடிமக்கள் நலப் பேரவை உச்சநீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டது. அப்போது நாங்கள் வடஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். இங்கேதான் அந்த 'நிற்க இடம்' வருகிறது. ஆறு யாருக்கும் சொந்தமில்லை. பழைய கணக்குப்படி, உன் நிலம் கெட்டதா, உன் கிணறா என்று கேட்டிருப்பார்கள். ஊருக்காக ஓர் அமைப்பு வந்து நிற்கலாம் என்று 1980களில் நீதிமன்றம் கதவை அகலத் திறந்ததால்தான் அந்த வழக்கு உள்ளே போக முடிந்தது. 1996 ஆகஸ்ட் 28இல் தீர்ப்பு. தோல் பதனிடும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ கெட்டுப்போனது என்று வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் சொன்னதை அதில் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். கெடுத்தவனே விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்திய மண்ணின் சட்டம்தான் என்று அன்றைக்குச் சொன்னார்கள். ஐந்து மாவட்டத்தில் இருந்த தோல் ஆலைகளுக்குத் தலைக்கு 10,000 ரூபாய் அபராதம். கண்காணிக்கத் தனி அமர்வு அமைக்கும்படி சென்னை உயர்நீதிமன்றத்தையும் கேட்டுக்கொண்டார்கள்.

நாடு முழுக்கச் சட்ட மாணவர்கள் 'வேலூர் வழக்கு' என்று படிக்கிறார்கள். ஆறு என்ன ஆயிற்று? 2025 ஜனவரி 30இல் உச்சநீதிமன்றம் மறுபடி ஒரு தீர்ப்புச் சொல்லி, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுங்கள், குழு அமையுங்கள் என்று சொல்லி, 'தொடரும் மாண்டமஸ்' என்ற முறையில் வழக்கை முடிக்காமல் வைத்துக்கொண்டது. அதாவது ஆணையிட்டுவிட்டுப் போய்விட மாட்டோம், செய்தீர்களா என்று திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக் கேட்போம். ஆணையிடுகிறோம் என்ற ஒரு சொல் போதாமல் அதற்கு முன்னால் 'தொடரும்' என்ற ஒன்றை ஒட்டவைக்க எங்கள் ஆற்றுக்கு 28 ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. எனக்கு லத்தீனோடு சண்டை இல்லை. மாண்டமஸ் என்பதைச் சரியாக உச்சரிக்கத் தெரிந்த அதிகாரிகள் நிறையப் பேர் இருந்தார்கள்.

---

தொண்டை நாட்டான்
செவ்வாய், இரவு 10.00

பாடநூல் அதைக் 'கட்டளையுறுத்தும் நீதிப்பேராணை' என்கிறது. 'உறுத்தும்' என்ற சொல் இப்போதுதான் பொருத்தமாகப் படுகிறது.

---

பாதியில் வந்த பாதிரி
புதன், காலை 7.15

பாலாற்றுக்காரரே, உங்களுக்கென்றே ஒரு லத்தீன் வாசகம் உண்டு. 'பிறருடையதைக் கெடுக்காதபடி உன்னுடையதைப் பயன்படுத்து' என்பது அது. தோல் ஷாப்புக்கு எழுதி வைத்ததுபோலவே இருக்கும். லத்தீனில் எழுத மாட்டேன், நீளம்.

---

குடியாத்தம் தறி
நாலு வாரம் கழித்து, சனி, மாலை 6.40

நன்றி சொல்லவும் கணக்கு ஒப்படைக்கவும் வந்தேன்.

நகல் வாங்கினோம். நல்லவேளை, தீர்ப்பாணை ஆகவில்லை. எக்ஸ்பார்ட்டி ஆக்கி, வாதித் தரப்புச் சாட்சிக்காக ஒத்திவைத்திருந்தார்கள். அடுத்த வாய்தாவிலேயே விதி 7இன் கீழ் மனுப் போட்டோம். புது வக்கீல்தான். பழையவரைப் பற்றி எதுவும் எழுதப்போவதில்லை. மருத்துவரின் சீட்டையும் வைத்தோம். எதிர்த்தரப்பு ஆட்சேபம் செய்தது. 500 ரூபாய் செலவுத் தொகை கட்டும் நிபந்தனையில் மனுவை அனுமதித்துவிட்டார்கள். 500 ரூபாயைப் பங்காளி வக்கீலிடம் கொடுத்து ரசீது வாங்கிய இடத்தில் அப்பாவுக்கு முகம் சிறுத்துவிட்டது, மற்றபடி சரி.

நீதிபதி அப்பாவைப் பார்த்து ஏன் வரவில்லை என்று தமிழில்தான் கேட்டார். அப்பா காய்ச்சல் என்று மட்டும் சொன்னார். எக்ஸ்-மிலிட்டரிக் கதையைச் சொல்லிவிடுவாரோ என்று நான் பின்னால் நின்று பயந்துகொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்தார். 'முடிந்தது' என்று எழுதியிருந்ததை அடிக்கவில்லை. அதன் பக்கத்தில், பாதிரி ஐயா சொன்னதை நான் சொல்லச் சொல்ல, 'எக்ஸ்பார்ட்டி – ஒரு பக்கத்திலிருந்து' என்று எழுதிக்கொண்டார். கீழே மாண்டமஸ், கேவியட், லிஸ் பெண்டென்ஸ் எல்லாம் அவர் கையெழுத்தில் அர்த்தத்தோடு இருக்கின்றன. செலவுக் கணக்கு எழுதும் பக்கத்தில் அகராதி ஓடுகிறது.

பிறகு, வக்கீலம்மா சொன்ன பாரசீகச் சொற்களைப் படித்துக் காட்டினேன். தாவா, ராஜி, ஜப்தி வரைக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தார். "சரி, வாய்தா என்றால் என்ன அர்த்தம்?" என்று கேட்டார். அகராதியில் பார்த்துச் சொன்னேன்: வாக்குறுதி.

முதலில் நம்பவில்லை. நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். எண்ணிப் பார்த்தால் 94 வாய்தா. 94 வாக்குறுதியா என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவர், அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கும்வரை நிறுத்தவில்லை.

அடுத்தது வருகிற 18ஆம் தேதி.